கார்டு தம்பியுடையது, புராசசர் என்னுடையது

எங்கள் வீட்டில் கல்யாண வீடியோ எடுப்பது என் கணவர். அதைப் பார்க்கும்படியாக ஆக்குவது நான். புதுக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறோம் என்று அவர் எல்லோரிடமும் சொல்வார். ஸ்டுடியோ என்பது தெருவைப் பார்த்த முன்னறை, ஒரு பெயர்ப்பலகை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் யாருடைய கல்யாணம் என்று எங்களுக்கே மறந்துபோன ஒரு ஜோடியின் பெரிய படம். உள்ளே, சமையலறையை ஒட்டி, முன்பு அரிசி மூட்டை போட்டு வைத்திருந்த சின்ன அறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் முன்னால் நான் இருக்கிறேன்.

வாடிக்கையாளர்கள் முன்னறையோடு திரும்பிவிடுவார்கள். 'எடிட்டிங் எல்லாம் சென்னையில பண்ணுறோங்க, அதான் கொஞ்சம் லேட்டாகுது' என்று கணவர் சொல்வார். அவர்களும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். சென்னை என்பது அந்த அரிசி அறைதான். சென்னையில் உட்கார்ந்துகொண்டே நான் சாம்பாருக்குப் பருப்பு வெந்துவிட்டதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பேன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு உண்டு. படம், வீடியோ சம்பந்தப்பட்ட வேலையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பாகம். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிது, இரண்டு விசிறிகளோடு கனமாக இருக்கும். வாங்கிக்கொண்டு வந்தவர் என் கணவரின் தம்பி. வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஒரு விடுமுறைக்கு வந்தபோது பூப்போட்ட போர்வை, பால்பவுடர், தலைவலித் தைலம் இவற்றுக்கு நடுவே அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். நல்ல கார்டுதான். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் உழைப்பவர் அவர் என்று ஆகிவிட்டது.

சொந்தக்காரர் வீட்டில் நான் எடிட் செய்த வீடியோ டிவியில் ஓடினால், கடல் கடந்து தம்பியிடமிருந்து அங்கே போன் வரும். 'நம்ம கார்டுல வந்த படம் ஓடுதாக்கும்?' என்று அவர் கேட்பார். என்னோடு பேசும்போதும் முதல் கேள்வி, 'கார்டு எப்படியிருக்கு அண்ணி?' பிறகுதான் பிள்ளைகள், அண்ணன், மழை. நான் எப்படியிருக்கிறேன் என்பது சில சமயம் வரும், சில சமயம் சிக்னல் போய்விடும்.

போன வருஷம் என் கணவர் புதிய கேமரா வாங்கினார். அதில் எடுத்த படத்தில் மணமகளின் புடவை ஜரிகையில் இழையை எண்ணலாம். எண்ணுவதற்கு யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எண்ணலாம். பழைய கேமராவின் வீடியோவைத் தின்று பழகிய கம்ப்யூட்டர் இதைத் தொட்டதும் திணறியது. ஒரு காட்சியை வெட்டி ஒட்டினால் மவுஸ் அம்பு வட்டமாகச் சுற்ற ஆரம்பிக்கும். அது நிற்பதற்குள் நான் போய்க் குக்கரை இறக்கிவிட்டு, ரசத்துக்குத் தாளித்துவிட்டு வந்துவிடலாம். கணவரிடம் சொன்னேன். 'பழகப் பழகச் சரியாயிரும்' என்றார். கம்ப்யூட்டர் பழகும் என்று அவர் நினைத்தாரா, நான் பழகிக்கொள்வேன் என்று நினைத்தாரா, கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் கட்டுமாவடிக் கல்யாணம் வந்தது.

பெண்ணின் அப்பா கட்டுமாவடியில் மீன் ஏலம் எடுத்து வெளியூர்களுக்கு லாரியில் ஏற்றுகிற வியாபாரி. நல்ல உயரம், நல்ல குரல். கடற்கரையில் எதிர்காற்றில் பேசிப் பழகிய குரல் என்பதால் வீட்டுக்குள் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும். மகள் கல்யாணத்தை அறந்தாங்கியில் ஒரு மண்டபத்தில் தடபுடலாக நடத்தினார். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. அவர் விமானம் ஏறுவதற்குள் வீடியோ வேண்டும் என்பதுதான் பேச்சு. 'சென்னைக்கு அனுப்பிட்டோங்க' என்று கணவர் வழக்கம்போலச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் காலையில் அந்த வியாபாரி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் கொடுவா மீன். முகத்தில் கோபம்.

"அந்தச் சென்னைக்காரவுக போன் நம்பரைக் குடுங்க. நானே பேசணும்."

"என்ன விஷயம்னு சொல்லுங்கண்ணே, நான் சொல்லிடுறேன்" என்றார் கணவர்.

"நீங்க சொன்னா சரியா வராது. ஆளை அடையாளம் காட்டணும்ல."

கணவர் மழுப்பிப் பார்த்தார். அவர் லீவு, இவர் லைனில் இல்லை, டவர் இல்லை என்று என்னவோ சொன்னார். வியாபாரி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலி முனகியது. டவர் வரும்வரை இருக்கிறேன் என்றார். மீன் வாடை முன்னறையை நிறைத்தது. கடைசியில் கணவர் அவரைச் சமையலறை வழியாக அழைத்துவந்தார். நான் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

வியாபாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தார்.

"சென்னை இங்கிட்டா இருக்கு?"

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்ம வீட்டுலதான் பார்க்குறாக" என்றார்.

வியாபாரிக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது வேறு. என் அருகில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆத்தா, அந்த மாலை மாத்துற எடத்தைப் போடு" என்றார். போட்டேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் பட்டுச்சட்டையும் கூலிங்கிளாசுமாக ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். மண்டபத்துக்குள் எதற்குக் கூலிங்கிளாஸ் என்று எடிட் செய்யும்போதே யோசித்திருக்கிறேன்.

"இந்தாளு தெரியக்கூடாது."

"இந்த எடத்துல மட்டுமாண்ணே?"

"எங்கிட்டுமே தெரியக்கூடாது. இப்படி ஒரு ஆளு பொறக்கவே இல்லேங்குற மாதிரி இருக்கணும்."

அந்த ஆள் அவருடைய சகலை. அதாவது மனைவியின் தங்கை கணவர். வரவேற்பு மேடையில் மைக்கை வாங்கி, 'இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடிச்சதே நான்தான். நான் இல்லேன்னா இவுகளுக்கு மாப்பிள்ளை வீட்டுக்கு வழியே தெரியாது' என்று சொல்லிவிட்டாராம். சொன்னதோடு விடாமல் மீமிசலில் ஒரு டீக்கடையிலும் அதையே சொல்லியிருக்கிறார். டீக்கடையில் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. பெண்ணுக்காக இரண்டு வருஷம் அலைந்தது நான், பெயர் அவனுக்கா என்று வியாபாரி கேட்டார். அவர் சொன்னதில் எனக்கு ஒரு நியாயம் தெரிந்தது. கார்டு ஞாபகம் வந்தது. செய்து தருகிறேன் என்று உடனே ஒத்துக்கொண்டேன்.

ஒத்துக்கொண்ட பிறகுதான் வேலையின் அளவு தெரிந்தது. அந்தக் கல்யாணத்தில் மாப்பிள்ளையைவிட அதிகக் காட்சிகளில் இருந்தவர் சகலைதான். ஹோமப் புகைக்குள் இருந்தார். பந்தியில் முதல் இலையில் இருந்தார். பெண் அழுத இடத்தில் பெண்ணைவிட நன்றாக அழுதார். சும்மா வெட்டி எறிந்தால் கல்யாணமே கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே அவர் நிற்கும் இடத்தை மூடி, அங்கே பின்னால் இருக்கும் பூ அலங்காரத்தையோ திரையையோ நிரப்ப வேண்டும். அவர் நகர்ந்தால் மூடியும் நகர வேண்டும். மென்பொருள் அதைச் செய்யும், ஆனால் கம்ப்யூட்டருக்கு இடுப்பு ஒடிகிற வேலை.

முதல் காட்சியிலேயே எல்லாம் உறைந்துவிட்டது. திரையில் சகலை பாதி அழிந்து, ஒற்றைக் கூலிங்கிளாஸோடு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். மறுபடி அதே சிரிப்பு.

எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கவனித்தேன். அப்போது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லப்படும் புராசசர் நூற்றுக்கு நூறு போட்டு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. தம்பியின் கார்டு அநேகமாகச் சும்மா இருந்தது. கார்டுக்கு வேலையைப் பிரித்துக் கொடுப்பது புராசசர். பந்தியில் ஒரே ஒரு ஆள் பரிமாறினால், உள்ளே எவ்வளவு கெட்டிக்காரச் சமையல்காரர் இருந்து என்ன, இலைக்குச் சோறு வராது. சமையல்காரர் கைகட்டி உட்கார்ந்திருப்பார். வளைகுடாவிலிருந்து வந்த எங்கள் சமையல்காரர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"கார்டு நல்லாத்தான் இருக்குங்க. புராசசரை மட்டும் மாத்தினாப் போதும்" என்று கணவரிடம் சொன்னேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தேன்."

"பார்த்தாத் தெரியுமா? கடையில கேட்டுக்குவோம்" என்றார். நான் பத்து வருஷமாக அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவர் அதை ஆன் செய்யவே என்னைக் கூப்பிடுவார்.

கடைக்கு இரண்டு பேருமே போனோம். கம்ப்யூட்டர் கடைக்காரர் என் கணவருக்கு வணக்கம் சொன்னார். என்ன பிரச்சினை என்று நான் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். என்ன மதர்போர்டு என்று என் கணவரைக் கேட்டார். நான் மாடலைச் சொன்னேன். எல்லாப் பாகங்களையும் தாங்கும் பலகைதான் மதர்போர்டு. அதிலுள்ள சாக்கெட் என்ற குழியில் எந்தப் புராசசர் உட்காரும் என்பது முன்பே முடிவானது. 'அதே சாக்கெட்டுல உட்காருற பெரிய புராசசர் இருக்குங்களா?' என்றேன். அவர் என் கணவரிடம், "சார், மேடம்கிட்ட சொல்லுங்க, அப்படியெல்லாம் புராசசரை மட்டும் தனியா மாத்த முடியாது" என்றார். மேடம் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கணவர் என் பக்கம் திரும்பி, "தனியா மாத்த முடியாதாம்" என்றார்.

"ஏன் முடியாதாம்?" என்று நான் அவரைக் கேட்டேன். அவர் கடைக்காரரைக் கேட்டார். இப்படி ஒரே மேசையில் மொழிபெயர்ப்பு வைத்துக் கொஞ்ச நேரம் பேசினோம்.

"புதுப் புராசசர் வேகத்தைப் பழைய கார்டு தாங்காது சார். சூடாகிப் புகைஞ்சிரும். மொத்த செட்டும் மாத்திருங்க, கார்டும் புதுசு போட்டுருவோம். அந்தப் பழைய கார்டை நம்மகிட்டயே குடுத்துருங்க, ஒரு நல்ல ரேட்டு பார்த்துக் கழிச்சுக்கலாம்."

"தாங்காத கார்டு ஒங்களுக்கு எதுக்குங்க?" என்றேன்.

அப்போதுதான் அவர் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஏதோ வயரை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

ஆனால் என் கணவர் மனதில் புகை நுழைந்துவிட்டது. வீடு வரும்வரை வண்டியில், 'அவரு தொழிலே அதுதான், சும்மா சொல்லுவாரா' என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து யோசித்தேன். என் பேச்சு எடுபடாது. யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நானே தம்பிக்கு வீடியோ கால் போட்டேன். வழக்கத்துக்கு மாறாக நான் கூப்பிட்டதும் அவர் பதறிவிட்டார்.

"என்ன அண்ணி? கார்டுக்கு ஏதும் ஆயிருச்சா?"

"ஒண்ணும் ஆகல தம்பி. கடைக்காரரு கார்டு லாயக்கில்லேங்குறாரு. எடுத்துக் குடுத்துரச் சொல்றாரு. புது கார்டு போடணுமாம். அண்ணனும் சரிங்குறாக. அதான் ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கலாம்னு."

அவர் முகம் சிவந்ததை அந்தச் சின்னத் திரையிலேயே பார்த்தேன்.

"என் கார்டு லாயக்கில்லையா? அவன் கடையில அந்தக் கார்டைக் கண்ணால பார்த்திருக்கானா? அண்ணன்கிட்ட குடுங்க போனை."

கொடுத்தேன். "அண்ணே, கார்டுல கை வைக்கக் கூடாது. ஆமா. வேற எதை வேணா மாத்துங்க. அண்ணி என்ன சொல்றாக? புராசசரா? அதைத்தான் மாத்தணும். அண்ணி சொல்றதுதான் கரெக்ட்டு."

எங்கள் குடும்ப வரலாற்றில் 'அண்ணி சொல்றதுதான் கரெக்ட்டு' என்ற வாக்கியம் அன்றுதான் முதலில் உச்சரிக்கப்பட்டது. எனக்காக இல்லை, கார்டுக்காகத்தான். இருந்தாலும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

எங்கள் மதர்போர்டில் உட்காரக்கூடிய புராசசர்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆன்லைனில் வரவழைத்தேன். கூரியரில் வந்த பெட்டி பெரிதாக இருந்தது. உள்ளே பெரும்பகுதி அட்டைதான். புராசசர் ஒரு பிஸ்கட் அளவு. கணவர் அதைப் பார்த்து, "இம்புட்டுத்தானா?" என்றார். போனில் தம்பி, "நம்ம கார்டு எம்புட்டுப் பெருசு!" என்றார். அண்ணன் தம்பிகள் இருவருக்கும் பொருளின் மதிப்பைத் தூக்கிப் பார்த்துத்தான் தெரியும்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள் பழசு. அதைப் புதுப்பித்தால்தான் புதிய புராசசரை அது அடையாளம் காணும். புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டு செத்துவிடும். எங்கள் யுபிஎஸ் பேட்டரி விளக்கை அணைப்பதற்கு மட்டும் நேரம் கொடுக்கும். கணவர் தனக்குத் தெரிந்த மின்சார ஊழியருக்குப் போன் போட்டு, "இன்னைக்குக் கரண்ட் போகுமாண்ணே?" என்று கேட்டார். அவர் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "போகாதுன்னு சொல்லல, ஆனா போற மாதிரி தெரியலையாம்" என்று எனக்கு அறிவித்தார். இந்த உத்தரவாதத்தை நம்பி ஆரம்பித்தேன். கணவர் சுவிட்ச் போர்டின் அருகிலேயே நின்றார். கரண்டைக் கையால் பிடித்துவைத்துக்கொள்ளப் போகிறவர் போல நின்றார். நல்லபடியாக முடிந்தது.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். சாப்பாட்டு மேசையின் மேல் வேட்டி விரித்து, ஸ்க்ரூடிரைவர், பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் எடுத்து வைத்தேன். தம்பி அங்கே லீவு போட்டுவிட்டு வீடியோ காலில் உட்கார்ந்திருந்தார். போனைக் கூஜாவில் சாய்த்து வைத்திருந்தோம்.

"முதல்ல கார்டைப் பத்திரமா எடுங்க அண்ணி. விசிறியில கை படாம."

எடுத்தேன். கணவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, எங்கே வைப்பது என்று கொஞ்சம் தடுமாறி, கடைசியில் சாமி அலமாரியில் கொண்டுபோய் வைத்தார். ஒரு பக்கம் முருகன், ஒரு பக்கம் கருப்பர், நடுவில் கிராபிக்ஸ் கார்டு. "அங்க எண்ணெய் இருக்குங்க" என்று நான் சொன்னதும் விளக்கைத் தள்ளி வைத்தார். கார்டைத் தள்ளவில்லை.

அடுத்தது புராசசரின் மேல் இருக்கும் விசிறி. திருகுகளைக் கழற்றினேன், வரவில்லை. புராசசருக்கும் விசிறிக்கும் இடையில் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் பசை, பல வருஷத்தில் சிமெண்ட் ஆகியிருந்தது. கொஞ்சம் பலமாக இழுத்தேன். வந்துவிட்டது. விசிறியோடு ஒட்டிக்கொண்டு பழைய புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

கணவர் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பிடுங்கிட்டியே! வேரோட பிடுங்கிட்டியே!"

"எப்படியும் அதைத்தானே எடுக்கப் போறோம்" என்றேன். ஆனால் எனக்கும் பயம்தான். சாக்கெட்டில் ஏதாவது உடைந்திருந்தால்? டார்ச் அடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டை ஓட்டையாகப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. புதியதை எடுத்து, மூலையில் இருந்த அம்புக்குறியைப் பொருத்திப் பார்த்து, அழுத்தாமல் வைத்தேன். தானாக இறங்கி உட்கார்ந்தது. அந்தச் சின்னச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. புதுப் பசையைப் பட்டாணி அளவு வைத்து, விசிறியை மாட்டினேன். கார்டைச் சாமி அலமாரியிலிருந்து இறக்கி, இருந்த இடத்திலேயே செருகினேன்.

இந்தக் கட்டத்தில் கட்டுமாவடி வியாபாரி வந்து சேர்ந்தார். வீடியோ என்னாச்சு என்று கேட்க வந்தவர், மேசையில் கம்ப்யூட்டரின் குடல் வெளியே கிடப்பதைப் பார்த்துவிட்டு, "அவன் கண்ணுதான். அவன் கண்ணுதான் பட்டுருக்கு" என்று சகலையைத் திட்டிக்கொண்டே ஐஸ் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். இந்தமுறை நண்டு.

கம்ப்யூட்டர் பெட்டியையும் போன் சாய்ந்திருந்த கூஜாவையும் அரிசி அறைக்குக் கொண்டுபோய் வைத்தேன். நான் கை கழுவப் போன நேரத்தில், தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கணவர் பின்பக்கத்து வயர்களை எல்லாம் மாட்டி வைத்திருந்தார். ஆன் செய்தேன். விசிறிகள் சுற்றின. விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் இல்லை. 'நோ சிக்னல்' என்று ஓர் எழுத்துப் பெட்டி அங்குமிங்கும் மிதந்தது.

அணைத்துவிட்டுப் போட்டேன். நோ சிக்னல்.

கூஜாவிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "என் கார்டு போச்சா அண்ணி? உண்மையைச் சொல்லுங்க. போச்சா?"

"கடைக்காரரு அன்னைக்கே சொன்னாரு" என்றார் கணவர். "புகைஞ்சிரும்னாரு. புகை வாடை அடிக்குதா பாரு."

"அது நண்டு வாடை" என்றார் வியாபாரி. பிறகு எழுந்து வந்து, "எங்க போட்டு எஞ்சினும் இப்படித்தான் மக்கர் பண்ணும். கொஞ்சம் நகருங்க" என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் பெட்டியின் தலையில் பட்டென்று ஓங்கி அறைந்தார். நோ சிக்னல் நகர்ந்து திரையின் இன்னொரு மூலைக்குப் போனது. அவர் அதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டு கையை மறுபடி ஓங்கினார். 'அண்ணே, வேணாம்' என்று அந்தக் கையை நானே பிடித்துவிட்டேன். கணவர் இதற்குள் திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழம் எடுத்து வந்துவிட்டார்.

மூன்று ஆண்கள், ஒருவர் போனுக்குள், சுற்றி நின்று என்னையே பார்த்தார்கள். அந்த நிமிஷம் நானும் கலங்கித்தான் போனேன். கடைக்காரர் சொன்னது ஒருவேளை உண்மையோ என்றுகூட நினைத்தேன். இழுத்த இழுப்பில் ஏதாவது செத்திருக்குமோ? மாப்பிள்ளை சிங்கப்பூர் போய்விடுவார், சகலை ஒற்றைக் கண்ணாடியோடு நிரந்தரமாகச் சிரிப்பார், இனி ஆயுளுக்கும் 'அண்ணி பிடுங்கின கதை' என்று ஒவ்வொரு விசேஷத்திலும் ஓடும். அழுகை வந்தது. அழுதால் அதையும் கதையில் சேர்ப்பார்கள் என்பதால் அழவில்லை.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்து வயர்களைப் பிடுங்குவதற்காகப் பின்பக்கம் குனிந்தேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், திரைக்குப் போகும் வயர் கார்டில் இல்லை. மேலே, மதர்போர்டின் ஓட்டையில் செருகியிருந்தது. நான் வாங்கிய புராசசருக்குத் தானாகப் படம் காட்டத் தெரியாது. அதற்குத்தான் கார்டு இருக்கிறதே என்று தெரிந்தே வாங்கினேன். ஆகவே அந்த ஓட்டையில் யுகக்கணக்கில் வயரை மாட்டி வைத்தாலும் படம் வராது.

"இதை இங்க மாட்டினது யாருங்க?"

கணவர் எலுமிச்சம்பழத்தோடு நின்றார். "ரெண்டு ஓட்டையும் ஒரே மாதிரி இருந்துச்சு. மேல உள்ளது கைக்கு வாட்டமா இருந்துச்சு."

பிடுங்கிக் கார்டில் மாட்டினேன். திரை எழுந்தது. வியாபாரி கைதட்டினார். தம்பி போனுக்குள், "பார்த்தீங்களா? கார்டுல மாட்டினதும் வந்துருச்சு பார்த்தீங்களா?" என்று குதித்தார். கணவர் வியாபாரியிடம் திரும்பி, "ஒண்ணும் இல்லண்ணே, சின்ன வயரு பிரச்சினை. கண்டுபிடிச்சுட்டோம்" என்றார்.

அந்த 'டோம்' எனக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஆனாலும் அன்று மத்தியானம் நண்டுக் குழம்பு வைத்தது நான் இல்லை, அவர். நான் சகலையை அழித்துக்கொண்டிருந்தேன். என்ன வேகம்! மவுஸ் அம்பு ஒருமுறைகூடச் சுற்றவில்லை. கார்டும் சோம்பல் முறித்து எழுந்து வேலை பார்த்தது. ஹோமப் புகையிலிருந்து சகலை போனார். பந்தியில் முதல் இலையில் ஒரு தூண் வந்து உட்கார்ந்தது. அழுத இடத்தில் பெண் மட்டும் அழுதாள்.

ஓர் இடம்தான் முடியவில்லை. தாலி கட்டும்போது அட்சதை போடும் சகலையின் கை, மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே நீண்டிருந்தது. பெரிய மோதிரம் போட்ட கை. வியாபாரி பார்க்க வந்தபோது காட்டினேன்.

"கை தெரியுதே ஆத்தா."

"கையை எடுத்தா மாப்பிள்ளை தோளும் சேர்ந்து போகுதுண்ணே."

தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "இருந்துட்டுப் போகட்டும். கையை மட்டும் வச்சு எவனுக்கு ஆளைத் தெரியும்."

அவர் மனைவிக்குத் தெரிந்தது. வீட்டில் எல்லோருமாகப் பார்த்தபோது அந்தக் கையைக் கண்டதும், 'என் தங்கச்சி புருஷன் மோதிரம்' என்று நிறுத்தச் சொல்லி, மற்ற இடத்தில் எல்லாம் ஆள் எங்கே என்று தேட ஆரம்பித்திருக்கிறார். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது. மாப்பிள்ளை கிளம்புவதற்குள் வியாபாரி மறுபடி வந்தார். ஐஸ் பெட்டி இல்லை, குரலும் பாதிதான் இருந்தது.

"அந்தாளைத் திரும்பப் போட முடியுமா ஆத்தா?"

பழைய பதிவு அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகாது. என் கணவர் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "அழிச்ச ஆளைத் திரும்பக் கொண்டாரது ரொம்பக் கஷ்டம்ணே. தனிச் செலவாகும்" என்றார். வியாபாரி கேட்டதைக் கொடுத்தார். சகலை எல்லா இடத்திலும் பல்லைக் காட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்.

பிறகு தம்பி விடுமுறைக்கு வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக உறவினர்களுக்குக் கார்டைக் காட்டினார். 'எத்தனை வருஷமாச்சு, பாருங்க, இன்னும் என்னா வேகம்!' என்றார். புராசசர் விசிறிக்கு அடியில் இருப்பதால் கண்ணாடி வழியாகத் தெரியாது. நான் எல்லோருக்கும் டீ கொடுத்தேன்.

வேகம் வந்ததால் எனக்கு ஓய்வு வரும் என்று நினைத்திருந்தேன். ஓய்வு வரவில்லை, ஆர்டர் வந்தது. முன்பெல்லாம் முழு வீடியோவையும் ஒரே கோப்பாக மாற்றும் வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு நாள் முழுக்க ஓடும். யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். இப்போது ஒரு சீரியல் முடிவதற்குள் முடிந்துவிடுகிறது. 'ஒனக்குத்தான் சட்டுனு முடிஞ்சிருதே' என்று கணவர் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா என்று ஒத்துக்கொண்டே போகிறார். குடுமியான்மலையில் ஒரு வளைகாப்பு, அதை முடிப்பதற்குள் அறந்தாங்கியில் இன்னொன்று. போன மாதம் ஒரு வீட்டில் புது டிராக்டருக்குப் பூஜை போட்டதையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

அதனால் நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலை முடிந்ததும் திரையை அணைத்துவிடுவேன். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, ஸ்டூலில் காலை நீட்டி, வறுத்த வேர்க்கடலையை மடியில் வைத்துக்கொள்வேன். முன்னறையிலிருந்து குரல் வரும்.

"முடிஞ்சிருச்சா?"

"இன்னும் ஓடுதுங்க."

"எம்புட்டு நேரமாகும்?"

"தெரியலைங்க. பெரிய ஃபைலு."